புதுச்சேரியை சைக்கிளில் சுற்ற ஒரு வழி: வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் சேர்த்து

புதுச்சேரியில் வாடகை சைக்கிள் எடுக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் மஞ்சள் சுவர் தெருக்களில் நாலு சுற்று சுற்றி, காகிதப்பூ தொங்குகிற வாசலில் போட்டோ எடுத்து, கடற்கரைச் சாலையில் ஒரு காபி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தெருக்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஊரின் பாதியைக்கூட அவர்கள் பார்ப்பதில்லை. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழ்த் தெருக்கள், வடக்கே இரண்டு மீனவக் குப்பங்கள், தெற்கே முகத்துவாரம் பக்கம் மணல், இது எல்லாம் சேர்ந்ததுதான் புதுச்சேரி. இத்தனையையும் ஒரே காலையில், வேர்க்காமல், அவசரப்படாமல் பார்த்துவிடலாம். மொத்தம் சுமார் 10, 12 கிலோமீட்டர் வரும். மேடே கிடையாது. நின்று நின்று போனாலும் மூன்று மணி நேரம் போதும்.

நாளும் நேரமும் முதலில். சனி, ஞாயிறு வேண்டாம். வெளியூர் கார்களும் பைக்குகளும் வந்து இறங்கி வெள்ளை நகரம், அதாவது வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுப் பகுதி, முழுக்க இரண்டு பக்கமும் வண்டி நிற்கும், சைக்கிள்காரர் நடுவில் மாட்டிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை வேறு. செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில் காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். கிளம்புகிற நேரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது: கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை, அது நடப்பவர்களுக்கான நேரம். அதனால்தான் இந்த வழியில் முதலில் தெருக்கள், அப்புறம் குப்பங்கள், கடைசியில்தான் கடற்கரைச் சாலை. சூரியோதயம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்னொரு நாள் நடந்தே போய்ப் பாருங்கள். சைக்கிளுக்கு விடிந்த முதல் ஒரு மணி நேரம் தமிழ்த் தெருக்களில்தான் அருமை, வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம் அது.

வாடகைக் கடைகள் மிஷன் வீதி, ரயில் நிலையம் பக்கமெல்லாம் உண்டு. ஆறு மணிக்குக் கடை திறந்திருக்குமா என்று நம்பி இருக்காதீர்கள். முந்தின நாள் மாலையே எடுத்துத் தங்குமிடத்தில் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, முன்பணம், அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்களா, எத்தனை மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதையெல்லாம் எடுக்கும்போதே பேசிவிடுங்கள். அடையாள அட்டை கேட்டால் நகல் கொடுத்துப் பாருங்கள்.

சைக்கிளைப் பார்த்து வாங்குவது முக்கியம். கடற்காற்றில் உப்பு இருப்பதால் இங்கே எந்த சைக்கிளுக்கும் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் அங்கேயே இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள், கடைக்காரர் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். சீட் உயரம்தான் எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம். சீட்டில் உட்கார்ந்து பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், அதற்கும் தாழ்வாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் முட்டி வலிக்கும். பெல் அடிக்கிறதா, பூட்டு பூட்டுகிறதா, ஸ்டாண்ட் நிற்கிறதா, அவ்வளவுதான். கியர் சைக்கிளுக்காகக் கூடுதலாகச் செலவு செய்ய வேண்டாம். தட்டையான ஊரில் முன்னால் கூடை வைத்த சாதா சைக்கிள்தான் வசதி, தண்ணீர் பாட்டிலும் துண்டும் போட்டுக்கொள்ளலாம்.

ரயில் நிலையத்தில் ஆரம்பிக்கலாம். அதற்கு அருகிலேயே சுப்பையா சாலையில் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, 1907இல் கட்டி முடித்த கோதிக் பாணி ஆலயம், அந்த நேரத்தில் முதல் பூசைக்கு ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். உள்ளே வண்ணக் கண்ணாடி சன்னல்களுக்கு வெளிச்சம் இன்னும் வந்திருக்காது, அதனால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள்.

அங்கிருந்து வடக்கே புஸ்ஸி வீதிக்குப் போவதற்குள் முஸ்லிம்கள் வாழும் தெருக்கள், காஜியார் வீதி, முல்லா வீதி, குத்பா பள்ளிவாசல். இந்தப் பகுதியைச் சுற்றுலாப் பயணிகள் அநேகமாகத் தொடுவதே இல்லை. வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, மாடியில் மரத்தூண் வைத்த முகப்புகளோடு இருக்கும். தெரு குறுகல் என்பதால் வெயில் ஏற நேரமாகும். மெதுவாக ஓட்டுங்கள், சின்னப் பிள்ளைகள் வாசலிலிருந்து நேராகத் தெருவுக்கு ஓடி வருவார்கள்.

ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் இந்த ஊரில் வழி தவறவே முடியாது. தெருக்கள் நேர்கோட்டில் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிப் போகும். பிரெஞ்சுக்காரர்கள் போட்ட கட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள், 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள்தான் இதற்கு வரைபடம் போட்டார்கள், பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து அதன்மேல் கட்டினார்கள். ஆகவே கைபேசியைப் பையில் போடுங்கள். கிழக்கே போனால் கடல். தொலைந்தது மாதிரி தோன்றினால் வாய்க்கால் வரும்வரை நேராகப் போங்கள், போதும்.

மிஷன் வீதி, காந்தி வீதி, நேரு வீதி மூன்றும் ஒருவழிப் பாதை. அதிகாலையில் யாரும் இல்லையே என்று எதிர்த்திசையில் ஏறி ஓட்டாதீர்கள், பால் வண்டிக்காரர் உங்களை எதிர்பார்த்து வரமாட்டார். பத்தடி இறங்கித் தள்ளினால் எதுவும் குறைந்துவிடாது. மிஷன் வீதியில் ஊர்க்காரர்கள் சம்பா கோவில் என்று சொல்லும் பேராலயத்தைப் பார்த்துக்கொண்டு மேற்கே திரும்பினால் பெரிய மார்க்கெட். குபேர் அங்காடி என்பது பெயர், ஆனால் பெரிய மார்க்கெட் என்று கேட்டால்தான் வழி சட்டென்று கிடைக்கும். சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு மணிக்கூண்டு வரை உள்ளே நடந்து வாருங்கள். மூட்டை இறக்குகிற நேரம், வழியை மறித்து நின்று போட்டோ எடுக்காமல் ஓரமாக நின்றால் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். டீயை இங்கே குடிப்பது நல்லது.

மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதி. ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இந்த வீதியில்தான். பிரெஞ்சு ஆளுநர் தூப்ளெக்ஸுக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்து, 1736இலிருந்து நாட்குறிப்பு எழுதிய மனிதர். 1761 ஜனவரியில், ஆங்கிலேயர் முற்றுகையில் ஊர் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு இறந்தார். அதற்கப்புறம் ஆங்கிலேயர்கள் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர்களின் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதாவது, இன்று எல்லோரும் போட்டோ எடுக்கிற வெள்ளை நகரத்து வீடுகளெல்லாம் அந்த இடிபாட்டுக்குப் பிறகு எழுந்தவை. 1730களில் கட்டியதாகச் சொல்லப்படும் பிள்ளையின் வீடு அவற்றைவிட மூத்தது. கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள், மேல்தளத்தில் வெள்ளைத் தூண்கள், ஒரே வீட்டில் இரண்டு கட்டடக் கலை. வாய்க்காலுக்கு மேற்கே வராமல் ஊரைப் பார்த்துவிட்டேன் என்று சொல்பவர்களிடம் நான் இந்த வீட்டைப் பற்றித்தான் கேட்பேன்.

நேரு வீதியைக் கடந்து வடக்கே வந்தால் வைசியாள் வீதி. கால்வே சுப்புராய செட்டி வீதி என்றும் பலகை இருக்கும். இங்கே சைக்கிளிலிருந்து இறங்கிவிடுங்கள், உருட்டிக்கொண்டு நடக்கிற தெரு இது. தெருவை ஒட்டித் திண்ணை, திண்ணைக்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், வழிப்போக்கர் உட்கார்ந்து இளைப்பாற என்றே வீட்டுக்காரர் தம் செலவில் போட்ட நிழல். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உயர்ந்த மதிலும் மூடிய வாயிலும், இந்தப் பக்கம் தெருவை நோக்கித் திறந்த திண்ணை. இரண்டையும் ஒரே காலையில் பார்க்கும்போதுதான் வித்தியாசம் உறைக்கிறது. வைசியாள் வீதியில் இடிந்துகொண்டிருந்த முகப்புகளை வீட்டுக்காரர்களோடு சேர்ந்து வரிசையாகப் புதுப்பித்தார்கள், அதற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இது போன்ற தாழ்வாரங்கள் மற்ற தெருக்களில் வருடாவருடம் குறைந்துகொண்டே வருகின்றன. பாகம் பிரிந்த பழைய வீடு ஒன்று இடிந்தால் அந்த இடத்தில் எழுவது கண்ணாடி முகப்பு வைத்த லாட்ஜ்தான். இருக்கிறபோதே பார்த்துவிடுங்கள் என்று சொல்வதற்கே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கோலங்களின் மேல் சக்கரத்தை ஏற்றாதீர்கள். தெருவின் நடுவில் போனாலே போதும். திண்ணையில் யாராவது உட்கார்ந்திருந்தால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் படம் எடுக்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் "எடுத்துக்கப்பா" என்பார்கள், சில வீட்டில் உள்ளே முற்றத்தைக்கூடக் காட்டுவார்கள்.

பக்கத்திலேயே ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதி வாழ்ந்த வீடு. 1908இல் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி இங்கே வந்து 1918 வரை பத்து வருடம் இருந்தார், குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இந்த ஊரில் எழுதியவை. வீடு இப்போது அருங்காட்சியகம், இத்தனை காலையில் திறந்திருக்காது, உள்ளே பார்க்க வேண்டும் என்றால் பகலில் தனியாக வர வேண்டும். பாரதிதாசன் வீடு பெருமாள் கோவில் வீதியில் இருக்கிறது, கொஞ்சம் மேற்கே தள்ளி. இரண்டு வீட்டுக்கும் நடுவே சைக்கிளில் ஐந்து நிமிடம் ஆகாது. குருவும் சீடரும் வாழ்ந்த வீடுகள் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பது படிக்கும்போது தெரிவதில்லை, பெடல் மிதிக்கும்போது தெரிகிறது.

இனி கிழக்கே திரும்பி வாய்க்காலுக்கு வாருங்கள். மேற்குக் கரையில் ஆம்பூர் சாலை, கிழக்குக் கரையில் செஞ்சி சாலை. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் தமிழர், அந்தப் பக்கம் வெள்ளையர் என்று ஊரைப் பிரித்த கோடு இதுதான். கரை கட்டி, பாலம் போட்டு, அலங்கரித்திருக்கிறார்கள், ஆனால் கோடையில் வாடை வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆம்பூர் சாலையில் அப்படியே வடக்கே போங்கள். முழுப் பயணத்திலும் நேராக, நிறுத்தாமல் மிதிக்கக்கூடிய ஒரே நீளம் இதுதான்.

சாலை முடிகிற இடத்தில் படேல் சாலையைக் கடக்க வேண்டும். இது ஊரைச் சுற்றிவரும் பெரிய சாலை, பேருந்து ஓடும், இறங்கித் தள்ளிக் கடந்துவிடுங்கள். அந்தப் பக்கம் குருசுக்குப்பம், அதைத் தாண்டினால் வைத்திக்குப்பம். சந்துகள் வளைந்து வளைந்து போகும், அதுவரை இருந்த நேர்கோடெல்லாம் இங்கே கிடையாது, வழி கேட்டுக்கொண்டே போங்கள். கடலோரம் வந்ததும் கருங்கல் குவியல், கல்லுக்கு இந்தப் பக்கம் படகு, வலை, ஐஸ் பெட்டி, மீன் ஏலம் கூறும் பெண்கள். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்து சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து சேர்வது வைத்திக்குப்பம் கடற்கரைக்குத்தான். அன்றைக்கு சைக்கிளோடு இந்தப் பக்கம் வர நினைக்காதீர்கள், நடக்கவே இடம் இருக்காது.

குப்பத்தில் ஒரே ஒரு விதி: வலைமேல் ஓட்டக்கூடாது. சாலையில் காயவைத்த வலை பார்க்கத் துணி மாதிரி தெரியும், சக்கரத்தில் நைலான் கண்ணி சிக்கினால் நீங்களும் விழுவீர்கள், வலைக்காரருக்கும் ஒரு நாள் வேலை கெட்டுப்போகும். சுற்றிப் போக இடம் இல்லாவிட்டால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டுங்கள்.

தெரு நாய்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், காலையில் இவை கூட்டமாக இருக்கும். துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள், அது இன்னும் துரத்தும். நிறுத்தி இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தால் அநேகமாக விட்டுவிடும்.

இப்போது மணி ஏழு, ஏழேகால் இருக்கும். வந்த வழியில் திரும்பிக் கடற்கரைச் சாலையின் வடமுனைக்கு வாருங்கள். ஏழரை ஆகவில்லை என்றால் நடக்கிறவர்களோடு சேர்ந்து உருட்டிக்கொண்டு போங்கள், சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் சொல்வதற்கு முன்னால் நாமே இறங்கிவிடுவது மரியாதை. ஏழரைக்கு மேல் ஏறிக்கொள்ளலாம், முதல் அரைமணி நேரம் வண்டிகள் குறைவாகத்தான் இருக்கும்.

இந்தச் சாலையில் எல்லோரும் நிற்கும் இடம் காந்தி சிலை. சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை. சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை மெரினாவின் உழைப்பாளர் சிலையையும் செய்தவர். சிலைக்கு நேரே கடலுக்குள் ஒரு காலத்தில் இரும்புப் பாலம் இருந்தது, கப்பலிலிருந்து படகில் இறக்கிய சரக்கு அதன்வழியாகத்தான் ஊருக்குள் வரும். 1952 புயலில் அது சரிந்தது. அருகிலேயே 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம். அப்புறம் மேரி கட்டடம், அதாவது பழைய நகரமன்றம். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள்.

ஆனால் கட்டடங்களை விடக் கடலைப் பாருங்கள். கருங்கல் சுவர் ஏன் வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? இங்கே கடலோர நீரோட்டம் வருடத்தின் பெரும் பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும். 1980களில் தெற்கே தேங்காய்த்திட்டில் துறைமுகம் கட்டி, முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர் போட்டதும் மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே இருந்த மணல் போய்க்கொண்டே இருந்தது, புதிதாக வரவில்லை. கடற்கரையே இல்லாத கடற்கரைச் சாலை ஆனது இப்படித்தான். கல்லைக் கொட்டிச் சாலையைக் காப்பாற்றினார்கள், அரிப்பு வடக்கே குப்பங்களுக்குத் தள்ளிப்போனது. சற்று முன் நீங்கள் பார்த்த குருசுக்குப்பத்துக் கல் குவியலுக்கும் இதுதான் காரணம். 2018 வாக்கில் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தார்கள், அதற்கப்புறம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அலை அமைதியாக இருந்தாலும் கல்மேல் இறங்காதீர்கள், பாசி வழுக்கும்.

தெற்கே கொஞ்சம் வந்ததும் உள்ளே திரும்பி இனி வெள்ளை நகரத்தைப் பார்க்கலாம். துமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதி மூன்றும் கடலுக்கு இணையாக ஓடுகின்றன, ஒன்றில் வடக்கே போய் அடுத்ததில் தெற்கே வந்து, மூன்றையும் பின்னிக்கொண்டு வாருங்கள். நடுவில் பாரதி பூங்காவும் ஆயி மண்டபமும், பூங்காவுக்குள் சைக்கிள் கூடாது. துமாஸ் வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் கப்ஸ் கோவில் என்கிற தேவாலயம் 1855இல் கட்டியது, எட்டு மணி வெயில் அதன் முகப்பில் நேராக விழும், பார்க்கச் சரியான நேரம் அதுதான். இந்தத் தெருக்களில் ஆபத்து ஒன்றுதான், நிறுத்தியிருக்கும் காரின் கதவு திடீரென்று திறப்பது. காரிலிருந்து ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளியே ஓட்டுங்கள், பின்னால் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் சரி.

துமாஸ் வீதியின் தெற்கு முனையைத் தாண்டி வம்பாகீரப்பாளையம் போங்கள். இதுவும் மீனவர் ஊர். அதன் கடைசியில் முகத்துவாரத்துக்கு அருகில் பாண்டி மெரினா என்று புதிதாக அமைத்த கடற்கரை, வடக்கே காணாமல் போன மணலை இங்கே காலடியில் பார்க்கலாம். சைக்கிளை மணலில் இறக்காதீர்கள், செயினுக்குள் மணல் போனால் திரும்பும் வழியெல்லாம் அரைத்துக்கொண்டே வரும். மேலே பூட்டிவிட்டு வெறுங்காலோடு இறங்குங்கள். இங்கிருந்து ரயில் நிலையம் பத்து நிமிடம்.

காலைப் பலகாரத்தை வெள்ளை நகரத்தில் சாப்பிடாமல் ஒன்பது மணிக்குள் வாய்க்காலுக்கு மேற்கே வந்து சாப்பிடுங்கள், இட்லியும் சூடாக இருக்கும், விலையும் குறைவு.

மாதம் என்றால் ஜனவரி, பிப்ரவரி நல்லது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, தெருவில் தண்ணீர் நின்றால் பள்ளம் தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் ஐந்தரைக்கே கிளம்பி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

பிள்ளைகளோடு வருகிறவர்களும் பெரியவர்களும் படேல் சாலைக்கு வடக்கே போக வேண்டாம், பாரதி வீட்டிலிருந்து நேராகக் கிழக்கே வந்து வாய்க்காலைக் கடந்து கடற்கரைச் சாலைக்கு வந்துவிடலாம். குப்பங்களையும் பாண்டி மெரினாவையும் விட்டால் தூரம் பாதியாகும். ஆனால் வைசியாள் வீதியை மட்டும் விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.